ஐந்து வாங்கும் ஐந்து குளிசையும்

மருந்துப் பை கைக்கு வரும்வரைதான் நாங்கள் நோயாளிகள். வந்த மறுகணமே ஆளுக்கொரு வைத்தியர் ஆகிவிடுகிறோம். பச்சைக் குளிசை சூடு, வெள்ளைக் குளிசை பரவாயில்லை, பெரிதாக இருந்தால் பாதியாக உடைக்கலாம், காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலுமாரியில் போட்டு வைக்கலாம், பக்கத்து வீட்டாருக்கும் அதே வருத்தம் என்றால் நாலைந்தை அள்ளிக் கொடுக்கலாம். இந்தப் படிப்பை யாரும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை. பிறக்கும்போதே கூட வருகிறது. நானும் அப்படி ஒரு பிறவி வைத்தியன்தான். ஆனால் என் வைத்தியத் தொழில் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில், புரியாணிக்குள் அது முடிவுக்கு வந்தது.

நான் கலியாணப் படமும் காணொளியும் பிடிக்கிறவன். வீடு ஆரையம்பதியில், காத்தான்குடி எல்லையை ஒட்டி. ஸ்டூடியோ காத்தான்குடி பிரதான வீதியில். என் மனைவி ஜெசி முன்பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, என்னோடும் அதே குரலில்தான் பேசுவாள். (நான் சாப்பிட உட்கார்ந்தால் கையை நீட்டிக் காட்டச் சொல்வாள். காட்டிவிடுவேன்.) ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கடை நவாஸினுடையது. தொலைபேசி திருத்துவான். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவன் தும்மினால் நான் இந்தப் பக்கத்தில் இருந்து திட்டுவேன். அவ்வளவு சிநேகம்.

ஒரு நாள் காலை எழும்பியபோது இடது நெற்றியில் எரிவு. யாரோ நெருப்புக்குச்சியை அணைத்து வைத்தது போல இருந்தது. மறுநாள் புருவத்துக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கொப்புளம். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் நெற்றியைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் சிலந்தி என்றார். ஒருவர் கண்ணூறு என்றார். கலியாண அல்பம் வாங்க வந்த அம்மா ஒருவர், எந்தப் பெண்ணைத் தப்பாகப் படம் எடுத்தாய் என்று கேட்டார். ஜெசி மட்டும் பார்த்தவுடன் ஹெல்மெட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இது அக்கி. ஆசுபத்திரிக்குப் போவம், எழும்புங்க."

"பின்னேரம் ஒரு பிறந்தநாள் இரிக்கு ஜெசி."

"பிறந்தநாள் வருசா வருசம் வரும். எழும்புங்க."

ஆசுபத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் பழுகாமத்துப் பெண்பிள்ளை. வயது என்னைவிடக் குறைவு, பொறுமை என்னைவிட நூறு மடங்கு கூட. மருந்து எடுக்கும் வரிசையில் இடம் பிடிக்க ஜெசி போய்விட்டதால் உள்ளே நான் தனியாகத்தான் இருந்தேன். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

"சின்ன வயசில கொப்புளிப்பான் வந்ததா?" என்று டொக்டர் கேட்டார்.

"வந்தது மிஸ்." (நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். ஆனாலும் கொப்புளிப்பான் வந்தால் எங்கள் வீட்டுப் படலையிலும் வேப்பிலை தொங்கும். அந்த விஷயத்தில் மட்டக்களப்பில் எல்லோரும் ஒரே சபைதான்.)

"அந்த வைரஸ் அண்டைக்குப் போகல்ல. இவ்வளவு காலமும் நரம்புக்குள்ள படுத்துக் கிடந்திருக்கு. இப்ப எழும்பியிருக்கு. நல்ல காலம் கெதியா வந்திட்டீங்க. இந்த மருந்த முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள தொடங்கினாத்தான் நல்லாக் கேட்கும். ஆனா இது கண்ணுக்குக் கிட்ட வந்திருக்கு. கண்ணுக்குள்ள இறங்கினா பார்வை போகவும் பார்க்கும்."

பார்வை என்ற சொல்லோடு என் காது அடைத்துப்போனது. நான் கமராவுக்குள் பார்ப்பது இடது கண்ணால். வலது கண் சும்மா துணைக்கு இருக்கிறது. அந்த இடது கண்ணை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதற்குப் பிறகு டொக்டர் நீண்ட நேரம் பேசினார். கையை அசைத்து, விரலை நீட்டி, ஒரு தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக் காட்டி விளக்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். பயந்துபோன மனிதன் தலையாட்டுவதற்கும் விளங்கிய மனிதன் தலையாட்டுவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கடைசியில் என் மண்டையில் மிஞ்சியது பையில் எழுதியிருந்தது மட்டும்: ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள்.

"டொக்டர் என்ன சொன்னா?" என்று வீட்டுக்கு வந்ததும் ஜெசி கேட்டாள்.

"அஞ்சு நேரம் குடிக்கட்டாம்."

"எந்தெந்த நேரம்?"

காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். பையைத் தந்த இடத்திலேயே கேட்டிருந்தாலும் அந்த மனிதர் சொல்லியிருப்பார். ஆனால் நான் ஆம்பிளை. வாயைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் இருந்து பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் வாங்கு கேட்டது. எனக்குள் பளிச்சென்றது. ஒரு நாளைக்கு ஐந்து வாங்கு. ஒரு நாளைக்கு ஐந்து குளிசை! சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா. என் வாழ்க்கையில் இதற்கு முன் இவ்வளவு அழகான கணக்கு எனக்கு வந்ததில்லை.

"வாங்கு சொல்லச் சொல்ல ஒண்டு," என்றேன்.

"டொக்டர் அப்படியா சொன்னா?"

"கிட்டத்தட்ட."

"போன்ல அலாரம் வைக்கலாமே."

"என்ட போன்ல அலாரம் வச்சா நான்தான் நிப்பாட்டுவன். பள்ளி வாங்கை ஆர் நிப்பாட்டுற?"

ஜெசி ஒரு குவளை தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். வெற்றியோடு முதல் குளிசையை விழுங்கினேன். ஒரு மிடறு தண்ணீரோடுதான். படம் பிடிக்கிறவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். தாலி கட்டுகிற நேரத்தில் ஒதுங்கப் போனவனை எந்தப் பெண் வீட்டாரும் மன்னிப்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வருத்த நாளிலும் விடவில்லை.

அந்த நாட்களை இப்போதும் ஆசையாகத்தான் நினைக்கிறேன். விடியற்காலையில் எழும்பாத நான் சுபஹ் வாங்குக்கு எழும்பினேன். வாவிக் காற்று குளிர்ந்து வரும் அந்த நேரத்தில் ஒரு பள்ளியில் குரல் தொடங்கும், அது முடியுமுன் இன்னொன்றில் கேட்கும், அப்படியே ஊர் முழுவதும் பரவும். இத்தனை வருடம் இதன் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டு கிடந்திருக்கிறேனே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஜெசி என்னை ஒரு புதிய மரியாதையோடு பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு வரைக்கும் என் கண்டுபிடிப்பைப் பரப்பினேன். கேட்டவர்கள் எல்லோரும் "நல்ல யோசினை" என்றார்கள். ஒருவரும் அதைத் தட்டிக் கேட்கவில்லை என்பது எங்கள் ஊரின் மருத்துவ அறிவுக்குச் சான்று.

சில சின்னச் சின்னச் சிக்கல்கள் வரத்தான் செய்தன. விடியச் சுபஹ் குளிசையைப் போட்டால் அடுத்தது மத்தியானம்தான். பத்து மணி தாண்டும்போதே நெற்றி கொதிக்கத் தொடங்கிவிடும். அந்தியில் இதற்கு நேர்மாறு. மஃரிப் குளிசை தொண்டையை விட்டு இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, தொலைக்காட்சியில் ஒரு நாடகம் முடிவதற்குள் இஷா வந்துவிடும். இரண்டு குளிசையும் வயிற்றில் சந்தித்துச் சுகம் விசாரிக்கும். இரவில் வைரஸ் கூடுதலாக வேலை செய்யும் போலிருக்கிறது, அதுதான் இரவுக்குப் பக்கத்தில் இரண்டு என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் நின்றதால் லுஹர் வாங்கு என் காதுக்கு எட்டவில்லை. (கிட்டத்துப் பள்ளியின் ஒலிபெருக்கியை நம்பித்தான் என் உடம்பே ஓடிக்கொண்டிருந்தது.) அதற்கென்ன, அஸருக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்டினேன். இன்னொரு நாள் காய்ச்சல் அசதியில் படுத்திருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. எழும்பிக் குளிசையைப் போட்டுவிட்டேன். பிறகுதான் விளங்கியது, நாளைக்குத் தண்ணீர் வராது, நிரப்பி வையுங்கள் என்று அறிவித்தல் கொடுக்கிறார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமைதான் நவாஸின் தங்கை றிப்காவுக்குக் கலியாணம். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியில் நிக்காஹ். அதன் பிறகு பெண் வீட்டில் சாப்பாடு. அதற்கு முதல் நாள் நவாஸ் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எழும்பி வந்தான்.

"மச்சான், நீ வராத. கண்ணோட விளையாடாத. நான் வேற ஆளப் புடிக்கிறன்."

"உன்ட தங்கச்சிட கலியாணத்த இன்னொருத்தன் எடுக்கிறதா? நான் செத்தாத்தான்."

"அதத்தான்டா சொல்றன். சாகாத."

நான் கேட்கவில்லை. கொப்புளம் காயும் வரைக்கும் சனக்கூட்டத்துக்குள் போக வேண்டாம், அதிலும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கிட்டப் போகவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. தலையாட்டியவன் நான்தான், கேட்டவன் நானில்லை. ஜெசி பள்ளிக்கூடத்துக்குப் போனதும் நெற்றிக்குத் துணிக்கட்டுப் போட்டு, தொப்பியை இழுத்து, பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது என்னைத் தேடி இரண்டு மாவட்டப் பொலிஸ் அலைவது போல இருந்தது.

ஜும்ஆ வாங்கு சொன்னார்கள். பள்ளி வாசலில் நின்றபடியே ஒன்றை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாங்கு சொன்னார்கள். எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் திட்டம் என்றால் திட்டம். இரண்டாவதையும் விழுங்கினேன். தண்ணீர்ப் போத்தல் மோட்டார் சைக்கிளில் இருந்தது. மோட்டார் சைக்கிள் வெயிலில் இருந்தது. நான் கமராவோடு இருந்தேன். வாயில் ஊறியதைக் கொண்டே சமாளித்தேன்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. நல்ல படங்கள் விழுந்தன. பிறகு பெண் வீட்டுப் பந்தலுக்குள் போனோம். பாயை விரித்து, ஆங்காங்கே பெரிய தட்டங்களில் புரியாணி வைத்து, ஒரு தட்டத்தைச் சுற்றி நாலைந்து பேராக இருந்து ஒன்றாகக் கையை வைத்துச் சாப்பிடுவார்கள். அதைத்தான் சஹன் என்பார்கள். அதை மேலிருந்து படமெடுத்தால் அவ்வளவு வடிவாக இருக்கும். எனக்குத் தலை கிறுகிறுத்தது. வாய் காய்ந்து, வயிறு குமட்டி, தகரப் பந்தலின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. காணொளிக்கு இன்னும் ஒரேயொரு அகலப்படம் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். அகலப்படம் எடுக்கிறவன் எப்போதும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பின்னால் ஓரடி வைத்தேன். இன்னும் ஓரடி வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமா இருந்த சஹனுக்குள் நான் அமர்ந்தேன்.

அமர்ந்ததோடு நில்லாமல் அதிலேயே மல்லாந்தேன். கடைசியாக எனக்கு ஞாபகம் இருப்பது, வாய்க்குக் கொண்டுபோன சோற்றுப் பிடியோடு அந்தத் தாய்மாமா என்னை மேலிருந்து பார்த்த பார்வை. அந்தப் பிடி என் முகத்தில்தான் விழுந்ததாம்.

ஒழுங்கையில் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே எடுக்கக்கூடியதாக நின்றது மாப்பிள்ளையின் கார் மட்டும்தான். பூமாலையும் ரிபனும் கட்டி, முன்னுக்கு ஒரு பெரிய இருதயம் ஒட்டிய கார். மாப்பிள்ளை ஒரு கணமும் யோசிக்காமல் திறப்பைத் தூக்கிக் கொடுத்தாராம். அதில்தான் நான் ஆசுபத்திரிக்கு ஊர்வலம் போனேன். வாசலில் நின்ற காவலாளி, மாப்பிள்ளைக்கு மயக்கம் என்று உள்ளே சொல்லிவிட்டார். தாதிமார் ஓடி வந்து கதவைத் திறந்தால், உள்ளே நெய்ச் சோறு அப்பிக் கிடக்கும் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன். அவர்களுக்குப் பெண்ணை நினைத்து மிகவும் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நினைவு வந்தபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தேன். உலகம் முழுவதும் மங்கல். ஆட்கள் எல்லாம் மஞ்சளாக, வழுவழுவென்று, உருகிய உருவங்களாக அசைந்தார்கள்.

"என்ட கண்!" என்று கத்தினேன். "ஜெசி, என்ட கண் போயிற்று! ஒண்டும் தெரியுதில்ல!"

ஆசுபத்திரி வாட்டே திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். இனிக் கமராவை விற்க வேண்டும், ஜெசியின் சம்பளத்தில் வாழவேண்டும், ஒரு பிள்ளையின் சிரிப்பையும் நேராகப் பார்க்கமாட்டேன் என்று புலம்பினேன். அந்தப் பயம் விளையாட்டல்ல.

யாரோ கிட்ட வந்து குனிந்தார்கள். மெதுவாக என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். உலகம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பழுகாமத்து டொக்டர் என் கண்ணாடியை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் நெய் வழிந்துகொண்டிருந்தது.

"இது புரியாணி," என்றார் டொக்டர். "இனிக் கண்ணப் பார்ப்பம்."

கண் சிவந்திருந்தது, ஆனால் பார்வைக்குப் பழுதில்லை. கண் டொக்டரையும் கூப்பிட்டு விளக்கு வைத்துப் பார்த்தார்கள். இன்னும் உள்ளே இறங்கவில்லை, ஆனால் ஓரத்தில்தான் நிற்கிறது, மிச்ச நாளும் மருந்து சரியாகப் போனால்தான் தப்பலாம் என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கொஞ்சம் களைத்துப்போயிருப்பது தெரிந்தது. டொக்டர் கட்டில் ஓரத்தில் நின்றார். சுற்றிலும் ஜெசி, கலியாணச் சட்டையில் நவாஸ், கையை இன்னும் கழுவாத மாப்பிள்ளையின் தாய்மாமா.

"குளிசை எத்தினை மணிக்கு எத்தினை மணிக்குக் குடிச்சீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"வாங்குக்கு வாங்கு," என்றேன். பெருமை அப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

டொக்டர் பேனையை மூடினார். "இண்டைக்கு?"

"விடியச் சுபஹுக்கு ஒண்டு. மத்தியானம் ரெண்டு."

"மத்தியானம் ஏன் ரெண்டு?"

நான் வாயைத் திறக்குமுன் நவாஸுக்கு விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டான். "யா அல்லாஹ்... ஜும்ஆவுக்கு ரெண்டு வாங்குடா மச்சான்! ரெண்டுக்கும் போட்டியா?" என்றவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். தாய்மாமா சிரித்தார். சேலைன் பார்க்க வந்த தாதி சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இடுப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஐயா ஒருவர், சிரிக்க வைக்காதீர்கள், தையல் பிரியும் என்று கெஞ்சினார்.

டொக்டர் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது வேறு விஷயம். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதற்குப் பதில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் சொன்ன எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து சொன்னார். வெளியே அவ்வளவு சனம் காத்திருந்தது. ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொன்னார். அந்தப் பிள்ளையை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தயார்.

"இந்த மருந்து வைரஸைக் கொல்றதில்ல, பெருக விடாமப் புடிச்சு வச்சிருக்கும். அதனால இரத்தத்தில எந்த நேரமும் ஒரு அளவுக்கு இரிக்கவேணும். முழிச்சிருக்கிற நேரத்தில நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவு படுத்து நித்திரை கொள்ளலாம். நீங்க காலையில வைரஸை அவிட்டு விட்டுட்டு, அந்தியில ரெண்டு பேரக் காவலுக்குப் போட்டிருக்கீங்க. ஒரு குளிசை தவறினா ஞாபகம் வந்த உடன போடலாம். அடுத்த நேரம் கிட்ட வந்திட்டா விட்டிரவேணும். ரெண்டாப் போடவே படாது. மறுகா தண்ணி. இது சிறுநீரால வெளிய போற மருந்து. தண்ணி இல்லாட்டி கிட்னியில போய்த் தேங்கும். வெயில், பட்டினி, தண்ணி இல்ல, அதோட ரெண்டு குளிசை. மயங்காம என்ன செய்யும்?"

"விளங்கிற்று டொக்டர்," என்று தலையை ஆட்டினேன்.

"தலையாட்டுறதப் பாக்காதீங்க டொக்டர்," என்றாள் ஜெசி. பிறகு என் பக்கம் திரும்பி, முன்பள்ளிக் குரலில், "இப்ப டொக்டர் சொன்னத நீங்க சொல்லுங்க பாப்பம்," என்றாள்.

சொன்னேன். வாட்டில் எல்லோருக்கும் கேட்க, வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னேன். தண்ணீரை மறந்துவிட்டேன். "தண்ணி, தம்பி, தண்ணி," என்று தாய்மாமா எடுத்துக் கொடுத்தார். கலியாண வீட்டில் கைக்குழந்தைகளுக்குக் கிட்டப் போனேனா, பிள்ளைத்தாச்சிகள் யாரும் பக்கத்தில் இருந்தார்களா என்றும் டொக்டர் கேட்டார். ஆண்கள் பக்கத்தில் மட்டும்தான் நின்றான், கட்டும் அவிழவில்லை என்று நவாஸ் சாட்சி சொன்னான். அந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ஆசுபத்திரியில் வைத்திருந்து, இரத்தம் சரியாக வந்ததும் வீட்டுக்கு விட்டார்கள். மிச்சக் குளிசைக்குச் சரியான நேரங்களை ஜெசி சுவரில் எழுதி ஒட்டினாள். அதற்கு மேலே ஒரு காவலும் இருந்தது. நேரத்துக்கு நேரம் நவாஸ் போனில் அழைப்பான். கடையில் கூட்டம் இருக்கும், பின்னால் ஆட்கள் கத்துவது கேட்கும். தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் விருந்தும் வரவேற்புமாக மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் அவை. ஆனாலும் அழைப்பான்.

"குளிசை?"

"போடப் போறன்."

"போனக் காதில வச்சிக்கிட்டே போடு. விழுங்கிற சத்தம் எனக்குக் கேக்கணும்."

"கேட்டுதா?"

"அது குளிசை. தண்ணி எங்க? மிடறு எண்ணுவன்டா. இன்னும் குடி."

அவன் கேட்டுக்கொண்டிருக்க முழுக் குவளையையும் குடிப்பேன். தொலைபேசியின் மறுமுனையில் ஒருவன் பொறுமையாகக் காத்திருந்து என் தொண்டையைக் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் மிகவும் பிடித்தும் இருந்தது. கொப்புளங்கள் காய்ந்தன. கடைசிக் குளிசையையும் முடித்துக்கொண்டு போனபோது, கண் டொக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "கண் சுத்தம், போய்ப் படம் புடியுங்க," என்றார். ஜெசி அங்கேயே என் கையை இறுக்கிப் பிடித்தாள். வெளியே வந்த பிறகும் விடவில்லை.

முதல் வேலையாக றிப்காவின் கலியாணக் காணொளியை வெட்டித் தொகுக்க உட்கார்ந்தேன். நிக்காஹ், மாலை, பந்தல், சஹன். பிறகு படம் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் விழுந்தபோது கமரா என் நெஞ்சில் இருந்து பாயில் உருண்டு, மல்லாந்து, பதிவு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் பந்தலில் தொங்கிய மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டி எறியக் கையை வைத்தேன். அப்போதுதான் குரல்கள் கேட்டன.

"சஹன எடுங்க, சஹன எடுங்க!" "ஆர்ர புள்ள இது?" "நவாஸ்ட போட்டோக்காரப் பொடியன்." "இளநி ஒண்டு வெட்டு, கெதியா!" தாய்மாமாவின் குரல்: "வாங்க, இருந்து சாப்பிடுங்க எண்டு சொன்னன்தான். சஹனுக்குள்ள இருக்கச் சொல்லல்லயே தம்பி." யாரோ சிரித்து அடங்கினார்கள். பிறகு மாப்பிள்ளை: "காரக் கொண்டு போங்க, நான் நடந்து வாறன்." எல்லாவற்றுக்கும் மேலாக நவாஸ், நான் ஒரு நாளும் கேட்டிராத ஒரு குரலில் கத்துகிறான்: "கண்ணாடியக் கழட்டாதீங்க! வெளிச்சம் படப்படாது, அந்தக் கண்தான் அவன்ட தொழில்! யா அல்லாஹ், அவன்ட கண்ண மட்டும் காப்பாத்திக் குடு!"

தங்கையின் கலியாண நாளில், அத்தனை விருந்தாளிகளுக்கு நடுவில், விருந்து குழம்பிப்போன அந்த நிமிடத்தில் அவன் படைத்தவனிடம் கேட்டது அது ஒன்றைத்தான். இப்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவன் யாருடைய தொலைபேசிக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கத்தில் இருந்து அழுதேன். இரண்டு கண்ணிலிருந்தும் கண்ணீர் வந்தது. இடது கண் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

அந்தத் துண்டை வெட்டிவிடவா என்று றிப்காவிடம் கேட்டேன். "தொடவே தொடாதீங்க அண்ணன்," என்றாள். அதனால் காத்தான்குடியில் ஒரு கலியாணக் காணொளியில் இன்றைக்கும் ஒரு மின்விசிறி நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் புதிதாக யார் போனாலும் அதைப் போட்டுக் காட்டுவார்கள். அந்த இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். இது யார் எடுத்தது, ஏன் விசிறியை எடுத்திருக்கிறார் என்று வந்தவர்கள் கேட்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா அங்கே இருந்தால் பதில் சொல்லும் உரிமை அவருடையது.

"சைமன் தம்பி எடுத்தது," என்பார். "மத்ததெல்லாம் அவர் முழிச்சிரிக்கக்குள்ள எடுத்தது. இது மட்டும் மயங்கிக் கிடக்கக்குள்ள எடுத்தது. இதுதான் நல்லா வந்திரிக்கி."